பூங்கொடி அக்கா இனிமையாகப் பேசிய நாள்

எனக்கு ஆறுதல் சொன்னவர்களில் ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு தேறி வந்தவர்கள் எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். டாக்டர் தெய்வம், நர்ஸ் தேவதை, நோய் ஒரு பாடம் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு பாடமும் கிடைக்கவில்லை. தொண்டையில் வலியும், வாயைத் திறக்கக்கூடாது என்ற தண்டனையும், கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு "சந்தோஷமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும் ஒரு கூட்டமும்தான் கிடைத்தன.

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராலும் இதைப் படிக்க முடியாது. நான் கர்நாடக எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் பிறந்து, பத்தாவது வரை தமிழில் படித்தவள். என் வீட்டுக்காரர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்து ஹனூர்க்காரர். பேச்செல்லாம் தமிழ்தான், ஆனால் படித்தது கன்னடம். மகள் ரம்யா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் எழுத்து வெறும் கோலம். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. எழுதிக் காட்ட என்ன இருக்கிறது? வாய்தான் இருந்ததே.

அந்த வாய்தான் போனது.

தசராக் கூட்டம் ஊரை விட்டுக் கலைந்த சமயத்தில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. நாங்கள் இருக்கும் விஜயநகர் முழுக்கப் புழுதி, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம், சித்தரத்தை, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. பொங்கல் வந்தும் கரகரப்பு போகவில்லை. ஒருநாள் கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் என்னைச் 'சார்' என்றான். நான் கத்தினேன். 'சாரி சார்' என்றான். அன்றைக்கு மாலையே வீட்டுக்காரர் என்னைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "டீச்சரா?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். "பாட்டு சொல்லித் தர்றீங்களா?" இல்லை. "காய்கறி வியாபாரமா?" அதுவும் இல்லை. குரல் இப்படிக் கெடுவது பெரும்பாலும் தொண்டையை வைத்துப் பிழைப்பவர்களுக்குத்தானாம். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வீட்டில்தான் இருக்கிறாள் டாக்டர், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி" என்று போட்டுக்கொடுத்தார். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. எனக்குச் சத்தம் தொழில் இல்லை, சுபாவம். அதற்கு என்ன செய்வது?

மூக்குக்குள் மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, பிறகு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் மூக்கு வழியாகப் புழு ஊர்ந்து தொண்டைக்கு இறங்குவதுபோல் இருக்கும். கண்ணில் தண்ணீர் கொட்டும். பக்கத்துத் திரையில் என் தொண்டை தெரிந்தது. வெள்ளையாக இரண்டு பட்டைகள் கதவுபோல் திறந்து மூடின. அவைதான் குரல் நாண்கள், நாம் பேசும்போது அதிர்பவை. இடது நாணின் மேல் ஆறிய பாலில் ஏடு படிந்ததுபோல் சொரசொரப்பாக ஒரு திட்டு.

"இதை எடுத்துடணும். எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதற்குப் பயாப்ஸி என்று பெயர். எதைத் தேடிப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அந்த வார்த்தை தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. என் சித்தப்பாவுக்குத் தொண்டையில் வந்தது. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். முதலில் அவர் பேச்சு போனது, பிறகு அவரே போனார். எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் வாய் வழியாகத்தான். வெளியே கத்தி படாது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என் நேரம், மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் இருந்த புளிப்புத் தண்ணீர் மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் இருக்க வேண்டியது நெஞ்சுக்குள் போனால் சும்மா இருக்குமா? காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். கையில் ஊசி, மூக்கில் ஆக்சிஜன். வீட்டுக்குப் போகும் பேச்சு நின்றது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒருநாள் ஆபரேஷனுக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்க, என் வீட்டுக்காரர் டாக்டர் அறைக்கும் கீழே பில் கவுண்டருக்கும் படியேறி இறங்கிக் கால் வீங்கிப் போனார். ராத்திரி அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் காலைத் தானே பிடித்துக்கொள்வார். நான் விழித்திருப்பது தெரிந்தால் உடனே காலை இறக்கிவிடுவார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பேசக்கூடாது. அதுதான் பெரிய விஷயம். கிசுகிசுவென்று பேசலாமா என்று சைகையில் கேட்டேன். அது இன்னும் மோசமாம், நாண்கள் அதிகம் உரசுமாம். முனகக்கூடாது, தொண்டையைச் செருமக்கூடாது. புண் ஆறி, தான் சொல்லும் வரை மூச்சு மட்டும் விடலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் குழந்தைகள் கிறுக்கும் பிளாஸ்டிக் சிலேட் ஒன்று வாங்கி வந்தார். எழுதிவிட்டுப் பட்டனை அமுக்கினால் எழுத்து மொத்தமும் அழிந்துவிடும். நான் முதன்முதலில் எழுதியது, "ஜன்னலைச் சாத்துங்க, குளுருது." அவர் அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "என்னமோ எழுதறா, ரம்யா, நீ பாரு" என்றார். ரம்யா செல்போனைக் காட்டி மொழிபெயர்க்கப் பார்த்தாள். என் கையெழுத்து செல்போனுக்கும் பிடிபடவில்லை. போனில் தமிழ் டைப் அடிக்க நான் கற்றதில்லை. வாட்ஸ்அப்பில்கூட வாயால் பேசித்தான் அனுப்புவேன். கன்னடம் பேசுவேனே தவிர எழுத வராது. நர்ஸ்களில் பாதிப் பேர் கேரளத்துப் பெண்கள், மீதிப் பேர் கன்னடம். அந்த மாடி முழுவதிலும் என் எழுத்தைப் படிக்க ஒரு ஆள் இல்லை. கடைசியில் ஜன்னலைக் கை காட்டினேன். வீட்டுக்காரர் அதை நன்றாகத் திறந்துவைத்தார்.

பிறகு ஆறுதல்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் பார்க்கில் விடியற்காலை கூடிச் சிரிக்கும் சங்கத்தில் இருப்பவர். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்துக் காட்டினார். சிரித்தால் நோய் ஓடிவிடுமாம். பக்கத்துக் கட்டில் கிழவி பயந்து எழுந்து உட்கார்ந்தாள். என் தங்கை போனில் தினமும் பூவும் சூரியனும் போட்ட வாசகங்கள் அனுப்பினாள். ரம்யா ஆபீஸிலிருந்து நேராக வந்து, "டென்ஷன் பேடம்மா, வேண்டாம்மா, பாசிட்டிவா திங்க் பண்ணு" என்பாள். வீட்டில் என் ஒரு சத்தத்தையும் பதில் சொல்லாமல் விடாத பெண். இப்போது நான் முறைத்தால்கூட நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எல்லோரும் என்மேல் வெல்லப்பாகை ஊற்றினார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. தலை வாரத் தோன்றவில்லை. காலையில் கண் விழித்தால், ஏன் விழித்தோம் என்று இருந்தது. நான் சோம்பலையும் கோபத்தையும் பார்த்திருக்கிறேன், இது வேறு. ஈர மூட்டையை நெஞ்சில் வைத்துக் கட்டியதுபோல் நாள் முழுதும் கனத்தது.

நர்ஸ்கள் சொல்லியிருக்க வேண்டும். கவுன்சிலிங் பெண் ஒருத்தி வந்தாள். ரம்யா வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் மெதுவாகப் பேசினாள். மனம் சோர்ந்திருக்கும்போது பெரிய சந்தோஷத்தைத் தேடக்கூடாதாம். தினமும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டுமாம். ஜன்னலில் விழும் வெயில், ஒரு குருவி, காப்பியின் வாசனை. என் ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் இருந்தது. குருவி அதன் பக்கமே வராது. காப்பி வயிற்றுப் புளிப்பைக் கூட்டும் என்று அந்த ஆஸ்பத்திரிதான் அதை நிறுத்தியிருந்தது. குடிக்கக் கூடாது, மோந்து பார்த்துச் சந்தோஷப்படலாம் போலிருக்கிறது. நான் சிலேட்டில் அதையே எழுதிக் காட்டினேன். அவள் புரியாமல் பார்த்து, "வெரி குட்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பூங்கொடி அக்கா வந்தாள்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. என் ஓரகத்தி. நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். எங்கள் பக்கத்தில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். இங்கே அவள் என்றே எழுதுகிறேன். விஜயநகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த வீட்டின் கிருகப்பிரவேசத்தில்தான் எங்களுக்குப் பேச்சு முறிந்தது. சாக்கடை வாட்டம் பின்பக்கமாக இருக்கிறது, தண்ணீர் முன்னால் போகாது, தேங்கும் என்று நான் சொன்னேன். நல்லதற்குத்தான் சொன்னேன். என் குரலில் எதையும் ரகசியமாகச் சொல்ல வராது, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. "கண்ணு வெக்கறதுக்குன்னே வந்திருக்கறா" என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதிலிருந்து காய்கறி வண்டியில் எதிர்ப்பட்டால் அவள் முட்டைக்கோஸைப் பார்ப்பாள், நான் வண்டிக்காரரைப் பார்ப்பேன். அவள் வீட்டில் இன்றைக்கும் தண்ணீர் பின்பக்கம்தான் தேங்குகிறது.

வராமல் இருந்தால் உறவில் பேச்சாகிவிடும் என்றுதான் வந்திருப்பாள். கையில் டிபன் டப்பா. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து, "எப்படி இருக்குது?" என்றாள். நான் சிலேட்டை எடுத்தேன். யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதினேன்: "செத்துட்டேனான்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா?"

அவள் குனிந்து, நிறுத்தி நிதானமாக, சத்தமாகப் படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

அந்தியூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். எனக்கு அது ஞாபகமே வரவில்லை. எங்கள் மொத்தக் குடும்பத்திலும் மைசூரில் என் எழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் என் எதிராளி.

"ஆமா, அதுக்குத்தான் வந்தேன். சாகல. போலாமா?" என்றாள் பூங்கொடி அக்கா. "கையெழுத்தப் பாரு, கோழி கிண்டுனாப்பல."

நான் அழித்துவிட்டு எழுதினேன். "உங்க வீட்டுக் கொல்லையில கோழி கிண்டறதுக்குத் தண்ணி தேங்கியிருக்குதுங்களா?"

"அடங்கறயா பாரு! தொண்டைய அறுத்துப் போட்டும் கொழுப்பு அடங்குதா பாரு!" அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ற ஊட்டுத் தண்ணி எங்க போனா உனக்கென்னடி? நீ என்ன முனிசிபாலிட்டியா?"

நான் எழுத, அவள் படிக்க, அவள் பதிலுக்குக் கத்த, நான் அழித்து மறுபடி எழுத, கை வலிக்கும் வரை போனது. என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "சும்மனே இருங்க அண்ணி, அவ உடம்பு சரியில்லாதவ" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தோம். கடைசியாக நான் எழுதியதைப் படித்துவிட்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏப்பா, சன்னலச் சாத்தச் சொல்றா. மொத நாள்ல இருந்து குளுருதாம். கட்டுன பொண்டாட்டி நடுங்கிட்டுக் கெடக்கறது தெரியலியா உனக்கு?"

ஜன்னல் மூடப்பட்டது. அன்று அவள் கொண்டுவந்த சட்னி இல்லாத இட்லியை முழுதாகச் சாப்பிட்டேன். இட்லி கல் மாதிரி இருந்தது. அதையும் எழுதிக் காட்டினேன்.

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மத்தியானப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். நான் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன கேட்டு அவளை மடக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ரம்யாவைச் சீப்பு எடுக்கச் சொல்லித் தலை வாரிக்கொண்டேன். எதிராளி முன்னால் பரட்டைத் தலையோடு உட்கார முடியுமா? கஞ்சி குடித்தேன், சண்டைக்குத் தெம்பு வேண்டுமே. கவுன்சிலிங் பெண் எட்டிப் பார்த்து, முகம் தெளிந்துவிட்டதே, வெயிலைக் கவனித்தீர்களா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

பயாப்ஸி முடிவு மட்டும் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று நாள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சண்டை போடும்போது அது மறந்திருக்கும். அவள் எழுந்து போனதும் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் நாங்கள் உச்சத்தில் இருந்தபோது நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அளவைப் பார்த்துவிட்டு என்னையும் பூங்கொடி அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அட்டையில் குறித்துக்கொண்டு வெளியே போனாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் அந்த நாள்.

செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. பூங்கொடி அக்கா உள்ளே வந்து, ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "சாப்டியா கண்ணு?" என்றாள்.

கண்ணு! எங்கள் கல்யாணத்தன்று தாம்பூலத் தட்டைக் கொடுக்கும்போதுகூட அவள் என்னைக் கண்ணு என்று சொன்னதில்லை.

"ஒடம்பப் பாத்துக்கோணும் கண்ணு. நீ நல்லா இருந்தாத்தான எங்களுக்கெல்லாம் சந்தோசம்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இரவல் நகை மாதிரி நின்றது.

வேண்டுமென்றே சிலேட்டை எடுத்து எழுதினேன். "உங்க வீட்டுச் சாக்கடை இன்னும் பின்னாடிதான் ஓடுதுங்களா?"

அவள் படித்தாள். மனசுக்குள்ளேயே படித்தாள். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆமா கண்ணு. அன்னைக்கு நீ சொன்னது சரிதான். நாந்தான் கேக்காம உட்டுட்டேன்."

பூங்கொடி அக்கா தன் தப்பை ஒப்புக்கொள்கிறாள் என்றால் நான் சாகப்போகிறேன் என்றுதான் அர்த்தம். முடிவு வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரியும், என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். காலையிலிருந்து வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது நினைவுக்கு வந்தது. ஒரே வார்த்தை எழுதினேன். "கேன்சரா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் எழுதாத கண்ணு" என்று அவளே பட்டனை அமுக்கினாள். அந்த வார்த்தை போய்விட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவள் போன பிறகு நான் அழுதேன். சத்தம் வரக்கூடாது என்பதால் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதேன். அழுகைகூட முழுதாக அழ முடியாத ஆஸ்பத்திரி அது. வீட்டுக்காரர் வந்ததும் சிலேட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். ரம்யாவுக்குப் பிடித்த இடத்திலேயே கட்டிக்கொடுங்கள். உங்கள் கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். நான் போட்ட சத்தமெல்லாம் உங்கள்மேல் கோபத்தில் இல்லை. பொடி எழுத்தில், ஓரம் வரை எழுதினேன். எனக்குச் சாகப் பிடிக்கவில்லை என்றும் எழுதினேன்.

அவர் சிலேட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். முழுதும் புரிந்தவர்போலத் தலையை ஆட்டினார். "சரியாயிடும், எல்லாம் சரியாயிடும்" என்றார். பட்டனை அமுக்கிவிட்டு, மறுபடி எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். பூங்கொடி அக்கா டிபன் டப்பாவோடு வாசலில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காகிதத்தையே பார்த்தேன்.

"இப்பத்தான் ரிப்போர்ட் வந்தது" என்றார் டாக்டர். "கேன்சர் இல்லை."

இப்போதுதானா? அப்படியானால் நேற்று?

டாக்டர் விளக்கினார். அந்தத் திட்டில் இருந்த செல்கள் கொஞ்சம் ஒழுங்கு தவறியிருக்கின்றனவாம். டிஸ்பிளேசியா என்று பெயர். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் சிலர் இடித்துத் தள்ள ஆரம்பித்திருக்கிறார்கள், ஆனால் யாரும் வேலி தாண்டவில்லை. திட்டை எடுத்தாகிவிட்டது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காலையிலும் முந்தின நாளும் அவர் போனில் கெஞ்சியது ரிப்போர்ட்டைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி லேபிடம்தான் என்று பிறகு சொன்னார்.

டாக்டர் போனதும் நான் சிலேட்டை எடுத்துக் கட்டிலில் ஒரு தட்டுத் தட்டினேன். எழுதினேன். "நேத்து ஏன் அப்படிப் பேசித் தொலைச்சீங்க?"

பூங்கொடி அக்கா வெடித்தாள். "அந்தக் கவுன்சிலிங் புள்ளதான் என்னையக் கூப்பிட்டுச் சொன்னா! உங்களாலதான் அவிகளுக்குப் பிரசர் ஏறுது, இனிமே இனிமையாத்தான் பேசோணும், நல்ல விசயமாத்தான் சொல்லோணும், இல்லாட்டி உள்ளயே உடமாட்டோம்னா. ராத்திரி கண்ணாடி முன்னால நின்னுட்டு கண்ணு கண்ணுன்னு சொல்லிப் பழகினேன்டி. வாயெல்லாம் நோவுது. அப்படிப் பேசினா, நீ கேன்சரான்னு எழுதிப்போட்டு என்ற உசிரையே உருவற!" மூச்சு வாங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பறம் அந்தச் சாக்கடை. நான் ஒண்ணும் ஒத்துக்கல. ஆஸ்பத்திரிக்காகச் சொன்னது. வாட்டம் சரியாத்தான் இருக்குது."

சாயங்காலம் அந்தக் கவுன்சிலிங் பெண் சிரித்தபடி வந்தாள். அவளுக்கென்று ஒரு சிலேட் நிறைய எழுதி வைத்திருந்தேன். அதைக் கன்னடத்தில் சொல்லும்படி பூங்கொடி அக்காவிடம் நீட்டினேன். அவள் முழுக்கப் படித்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "தேங்க்ஸ் சொல்றா" என்றாள். அதற்காக நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, புண் ஆறிய பிறகு, பேசலாம் என்று ஒருநாள் டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முன்னால் உட்கார்ந்து 'ஆ' என்றேன். வந்தது. ஆனால் அது என் குரல் இல்லை. மெலிந்து, காற்றுக் கலந்து, யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. பழைய சத்தம் முழுதாகத் திரும்பாது என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வீட்டுக்காரர், "எவ்வளவு இனிப்பா இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"தெருவுக்கு நிம்மதி" என்றாள் பின்னால் இருந்து பூங்கொடி அக்கா. "இனி பந்தியில பேசினா பக்கத்து எலைக்குக்கூடக் கேக்காது."

"உங்களுக்குக் கேட்டாப் போதுங்க" என்றேன். அந்தக் குரலில் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எப்போதும் வைத்துக்கொள்ளும் முகத்தையே வைத்துக்கொண்டு போங்கள். படுத்திருப்பவர்கள் உங்கள் வாயை விட முகத்தைத்தான் படிக்கிறார்கள். எனக்கு அந்த நாட்களில் வெயிலும் குருவியும் ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பழைய வசந்தியாகவே நினைத்து, வாய்க்கு வாய் பதில் சொல்ல ஒருத்தி தினமும் வருவாள் என்பதுதான் காலையில் என்னை எழுப்பி உட்கார வைத்தது. இதற்குச் சந்தோஷம் என்று பெயரா, எனக்குத் தெரியாது. கவுன்சிலிங் பெண்ணிடம் கேட்கப்போவதும் இல்லை.

போன வாரம் குழாய் விட்டுப் பார்க்கும் நாள். இந்த முறை தொண்டை மறுபடி லேசாகக் கரகரத்திருந்தது. நான் வெளியில் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். பூங்கொடி அக்கா ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியிலும் பேசவில்லை. என் கைப்பையைத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்று அவளைப் பார்த்தேன். கண்ணு என்று மட்டும் சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, டாக்டரப் பாக்க வர்றதுக்கு இந்தச் சேலைதான் கெடச்சுதா? எழவுக்குப் போறாப்பல? பீரோவுல வேற சேலையே இல்லியா உனக்கு?"

எனக்கு உயிர் வந்தது. டாக்டர் மூக்கில் பஞ்சு வைக்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள், ஆடாமல் இருங்கள் என்றார். கதவுக்கு வெளியே பூங்கொடி அக்கா பக்கத்தில் இருந்த யாரிடமோ இன்னும் என் சேலையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாய் தொண்டைக்குள் இறங்கும் வரை அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.